சிங்கைக்குச் செங்கல் தந்த செம்மல்: நாராயண பிள்ளை

பிறந்த மண்ணைப் பிரிந்து வேற்றூர் சென்று வாழ்வோர் எக்காலத்தும் உளர். சென்ற ஊரில் தம் வயிற்றை மட்டும் வளர்த்துக் கொண்டோரை அவ்வூர் விரைவில் மறந்துவிடுகிறது. பின்னால் வருவோரும் தலைசாய்க்க ஒரு கூரையை எழுப்பி வைத்தோரையோ, நூற்றாண்டுகள் கடந்தும் நினைவில் வைத்துப் போற்றுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நமது தருமபுரியே போதும். அதியமான்கள் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பது யாவரும் அறிந்ததே. கி.பி. 893 ஆம் ஆண்டைச் சேர்ந்த, நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இவ்வூரில் கிடைத்துள்ளது. ஸ்ரீமங்கலம் என்னும் ஊரைச் சேர்ந்த வணிகர் ஒருவரின் மைந்தர்களான நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் தகடூரில் ஜினாலயம் ஒன்றைக் கட்டிய செய்தியை அது கூறுகிறது. அவ்வாலயத்தின் பூசைக்கும் பழுதுபார்ப்புக்குமாக மூலப்பள்ளி என்னும் ஊரை மன்னனிடமிருந்து பெற்று, கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்படைத்தார் நிதியண்ணன். வெளியூரிலிருந்து வந்த வணிகர் மக்கள் எழுப்பிய அந்த அறத்தால், ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்தம் பெயரை நாம் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

அதே வழியில், கடல் கடந்த ஒரு தீவிலே, கட்டடத் தொழிலால் உயர்ந்து, பின்னர்த் தம் மக்களின் தலைவராகவும் நியமனம் பெற்ற ஒரு தமிழரின் வாழ்க்கையை இவ்விதழில் காண்போம். அவர்தாம் சிங்கப்பூரின் நாராயண பிள்ளை ஆவார்.

பினாங்கிலிருந்து புறப்பாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சியில் இருந்த பினாங்குத் தீவில் தமிழர் பலர் குடியேறி வாழ்ந்தனர். 1786 ஆம் ஆண்டு அத்தீவு கம்பெனியார் கைக்கு வந்தது முதலாகவே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் அங்கே சென்று கொண்டிருந்தனர். அவர்களுள் அரசாங்க எழுத்தராக அலுவல் பார்த்து வந்தவர் நாராயண பிள்ளை.

1819 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 ஆம் நாள், சர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஜோகூர் சுல்தானோடும் தெமெங்கோங்கோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, சிங்கப்பூரில் கம்பெனியின் வணிக நிலையம் ஒன்றை நிறுவினார். அப்பொழுது அத்தீவில் இருந்தோர் ஏறத்தாழ ஓராயிரவரே. ஆற்றங்கரையில் சில குடிசைகள். எஞ்சிய பகுதியெல்லாம் காடும் சதுப்பு நிலமுமே.

பினாங்கில் நாராயண பிள்ளையைச் சந்தித்த ராஃபிள்ஸ், புதிய ஊரில் நல்ல எதிர்காலம் உண்டு என்று கூறி அழைத்தார். கையிலிருந்த நிலையான அரசுப் பணியைத் துறந்து, நாளை என்ன ஆகும் என்று எவரும் அறியாத ஓர் இடத்திற்குச் செல்வது எளிய முடிவன்று. ஆயினும் பிள்ளை துணிந்தார். 1819 மே மாத இறுதியில் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது, இந்தியானா என்னும் கப்பலில் அவருடன் வந்திறங்கினார். சிங்கப்பூருக்கு வந்த முதல் தமிழர்களுள் ஒருவர் என்னும் சிறப்பு இவ்வாறு அவரைச் சேர்ந்தது.

நாணயம் பார்த்தவர்

புதிய ஊரில் பிள்ளைக்குக் கிடைத்த முதல் அலுவல் கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்துப் பார்ப்பது. அக்காலத்துத் துறைமுகங்களில் ஸ்பானிய வெள்ளி முதலாகப் பல நாட்டுக் காசுகளும் கலந்து புழங்கின. எது நல்ல காசு, எது கள்ளக் காசு, எது எடை குறைந்தது என்று கண்டு சொல்லக்கூடிய ஒருவர் இல்லாமல் வரியோ வணிகமோ நடவாது. அத்தகையவரிடம் இரண்டு தகுதிகள் வேண்டும்: கூர்ந்த கண் ஒன்று; கறைபடாத கை மற்றொன்று.

தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. வகுப்பறையில் மாணவர்க்கு இச்சொல்லின் இரு பொருளையும் விளக்கும்போதெல்லாம், இவ்விரண்டையும் பிணைத்த முன்னோரின் அறிவை நாம் வியந்ததுண்டு. பிறருடைய நாணயத்தைச் சோதிக்கும் வேலையில் தொடங்கிய பிள்ளையின் வாழ்வில், அவருடைய சொந்த நாணயமே சோதிக்கப்படும் காலமும் விரைவில் வந்தது. அதனைக் கூறுமுன் அவர் கட்டடத் தொழிலில் இறங்கிய வரலாற்றை அறிதல் வேண்டும்.

செங்கற் சூளை

ஊர் நாள்தோறும் பெருகிக் கொண்டிருந்தது. வரியில்லாத் துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டமையால் சீனர், மலாய்க்காரர், பூகிஸ் இனத்தார், இந்தியர் எனப் பலரும் வந்து குவிந்தனர். 1824 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட முதல் மக்கள் தொகைக் கணக்கின்படி அங்கே வாழ்ந்தோர் 10,683 பேர். அவர்களுள் இந்தியர் 756 பேர். ஐந்தே ஆண்டுகளில் மக்கள் தொகை பத்து மடங்காயிற்று!

இத்தனை பேருக்கும் வீடு வேண்டும். சரக்குகளை வைக்கக் கிடங்கு வேண்டும். தொடக்கத்தில் மரத்தாலும், அத்தாப்பு என்று அங்கே வழங்கும் ஒருவகைப் பனையோலையாலும் குடில்கள் அமைத்தனர். ஓலைக் கூரை மழைக்குத் தாங்கினும் தீக்குத் தாங்காது. நிலையான ஊருக்குச் செங்கல் இன்றியமையாதது. ஆனால், செங்கல் அறுக்கவும் சுவர் எழுப்பவும் தெரிந்தோர் அங்கே போதிய அளவில் இல்லை.

எல்லோரும் சரக்கு வாங்கி விற்பதிலே கண்ணாக இருந்தபோது, இக்குறையைக் கண்டுகொண்டவர் நாராயண பிள்ளை. பினாங்கிலிருந்த தம் நண்பர்களுக்குச் சொல்லியனுப்பிக் கொத்தர்களையும், தச்சர்களையும், துணி வணிகர்களையும் வரவழைத்தார். தஞ்சோங் பகார் என்னும் இடத்தில் செங்கற் சூளை ஒன்றை அமைத்தார். வீடு கட்டித் தரும் ஒப்பந்தங்களை ஏற்றார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவது இதனாலேயாகும்.

தீயிட்டுச் சுடும் தொழில்களைச் சிராவகர் விலக்கத் தக்கவை என்று நம் ஆசார நூல்கள் கூறும். ஆகவே சூளைத் தொழிலை நாம் இங்கே புகழ வரவில்லை. ஊருக்கு எது தேவை என்று கண்டறிந்த கருத்தையும், தாம் ஒருவரே பிழைக்க எண்ணாமல் தொழில் தெரிந்தோர் பலரையும் அழைத்து அவர்களுக்கும் வாழ்வு காட்டிய பண்பையுமே எண்ணிப் பார்க்கிறோம்.

தீயும் கடனும்

சூளையோடு பிள்ளை நிற்கவில்லை. கிராஸ் தெருவில் பருத்தித் துணிக் கடை ஒன்றையும் நடத்தினார். ஆங்கிலேய வணிகர்களிடம் கடனாகச் சரக்கு எடுத்து விற்பது அக்கால வழக்கம். அவ்வாறே அவரும் சரக்கு எடுத்துக் கடையை விரிவாக்கினார். சில ஆண்டுகளிலே ஊரின் செல்வர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

1822 ஆம் ஆண்டில் அவருடைய கடை தீக்கிரையாயிற்று. கடனாக எடுத்த சரக்கெல்லாம் சாம்பலாயின. சரக்கு எரிந்தாலும் கடன் எரிவதில்லை அன்றோ! சேர்த்த செல்வம் போயிற்று. எஞ்சியது பெருங்கடன் ஒன்றே.

அன்றைய சிங்கப்பூர் ஒரு துறைமுக ஊர். நாள்தோறும் பல திசைகளுக்கும் கப்பல்கள் புறப்பட்டன. கடன்பட்டவர் ஓர் இரவில் கப்பலேறி மறைந்துவிட நினைத்தால் அதற்கு வழியிருந்தது. நாராயண பிள்ளை அவ்வழியை நாடவில்லை, ஊரிலேயே தங்கினார். 1822 அக்டோபர் மாதத்தில் ராஃபிள்ஸ் மீண்டும் சிங்கப்பூர் வந்தபோது அவரிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். அவரும் வணிகச் சதுக்கம் என்னும் இடத்தில் பிள்ளைக்கு நிலம் அளித்து, மீண்டும் வணிகம் செய்ய உதவினார். பிற்காலத்தில் ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் பெற்று, அந்நகரின் வணிக நடுவிடமாக விளங்குவது அந்தச் சதுக்கமே. பிள்ளை மறுபடியும் தொழிலில் நிமிர்ந்தார்.

நாணயம் பார்த்தவரின் நாணயம் நெருப்பிலே சோதிக்கப்பட்டது என்று மேலே குறித்தது இதனையே. அவர் தலைவராக உயர்ந்தது இதற்குப் பின்னரே என்பது கருதத் தக்கது. செல்வம் இருக்கும்போது மதிப்பளிப்போர் பலர். இழப்பில் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதைக் கண்டு மதிப்பளிப்போர் சிலர். பின்னைய மதிப்பே நிலைக்கும்.

கோயிலுக்கு ஓர் இடம்

கடல் கடந்து வந்த தமிழர்க்கு அங்கே வழிபாட்டிடம் இல்லை. அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பைப் பிள்ளை தம் தோளில் ஏற்றுக்கொண்டார். ஆயின் அது எளிதில் நிறைவேறவில்லை.

அரசினர் முதலில் தெலுக் ஆயர் தெருவில் ஓரிடம் ஒதுக்கினர். அங்கே நன்னீர் வசதி இல்லாமையால் அது கோயிலுக்குப் பொருந்தவில்லை. 1821 ஆம் ஆண்டில், அப்பொழுது ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஃபார்க்குவார், ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே வேறோர் இடத்தைக் கொடுத்தார். அதுவும் ஒத்துவரவில்லை. 1822 இல் நகருக்கென வகுத்த திட்டத்தில் ஒவ்வோர் இனத்தாருக்கும் தனித்தனிப் பகுதிகள் குறிக்கப்பட்டன. முடிவில் 1823 ஆம் ஆண்டு, தமிழர் மிகுதியாக வாழ்ந்த பகுதியை ஒட்டி, இன்று சவுத் பிரிட்ஜ் சாலை என்று வழங்கும் இடத்தில் நிலம் கிடைத்தது.

ஓரிடம் தவறினால் மற்றோரிடம், அதுவும் தவறினால் வேறோரிடம் எனச் சலிப்பின்றி முயன்றவரை எண்ணிப் பாருங்கள். கடை எரிந்து கடனில் மூழ்கிய காலமும், கோயில் நிலத்துக்காக அலைந்த காலமும் ஒன்றே. தம் வீடு சரிந்து கிடக்கும்போதும் ஊர்ப்பொதுவுக்காக உழைக்கும் உள்ளம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

1827 ஆம் ஆண்டில் மரமும் அத்தாப்பும் கொண்டு சிறிய கோயில் எழுந்தது. சின்ன அம்மன் என்று அழைக்கப்பெறும் மாரியம்மன் திருவுருவைப் பிள்ளை அங்கே நிறுவினார். செங்கற் சூளை வைத்திருந்தவர் எழுப்பிய கோயில் முதலில் ஓலைக் கூரையோடுதான் நின்றது. கையில் உள்ளதைக் கொண்டு தொடங்குவதே சிறந்தது என்னும் பாடம் இதில் அடங்கியுள்ளது. செங்கல்லால் ஆன கட்டடம் 1843 ஆம் ஆண்டில் அமைந்தது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளைச் சேர்ந்த கைவினைஞர்கள் அதன் சிற்ப வேலைகளில் ஈடுபட்டனர். 1903 இல் முதற் கோபுரமும், 1925 இல் இன்று காணும் உயர்ந்த கோபுரமும் எழுந்தன. 1973 ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு அக்கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

கோயிலின் சிறப்பு அதன் கோபுரத்தில் மட்டும் இல்லை. தமிழகத்திலிருந்து புதிதாக வந்திறங்கி, வேலையும் உறைவிடமும் தேடி அலைந்தோர்க்கு அது புகலிடமாய் விளங்கிற்று. நிலையான வேலை கிடைக்கும் வரை அவர்கள் கோயில் எல்லைக்குள்ளேயே தங்கிக் கொள்ள இடமளிக்கப்பட்டது. இந்துக்களின் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் அது ஒரு காலத்தில் இருந்தது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நாம் போற்றும் நால்வகைத் தானங்களுள், அஞ்சி வந்தோர்க்கு அடைக்கலம் தரும் அபயதானம் எந்தச் சமயத்தார் செய்தாலும் அறமே.

அக்கோயிலுக்கு அருகிலேயே, 1826 ஆம் ஆண்டில் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளிவாசல் உள்ளது. இரண்டையும் சுற்றிச் சீனர்களின் கடைவீதிகள். மசூதித் தெரு, கோயில் தெரு என்று அங்குள்ள தெருக்களின் பெயர்களே இந்த அண்டைமையைச் சொல்லும்.

தலைவர் நாராயண பிள்ளை

பிள்ளையின் தொண்டுகளைக் கண்ட ஆங்கில ஆட்சியினர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களுக்குத் தலைவராக அவரை நியமித்தனர். தென்னிந்தியரை அக்காலத்தில் அப்பெயரால் அழைத்தனர். தமிழரிடையே எழும் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்து வைக்கும் அதிகாரமும் அவருக்கு அளிக்கப்பட்டது.

நீதிமன்றங்கள் ஒழுங்காக அமையாத தொடக்க நாளில் இப்பதவியின் பொறுப்பு மிகப் பெரிது. கூலித் தகராறு, கொடுக்கல் வாங்கல், குடும்பப் பூசல் ஆகியவற்றை வேற்று மொழிக்காரரான அதிகாரியிடம் சென்று முறையிடுவதைவிட, தம் மொழியறிந்த ஒருவரிடம் சொல்லித் தீர்வு பெறுவது ஏழைத் தொழிலாளிக்கு எத்துணை ஆறுதல்! அதே வேளையில் ஒன்றை மறைத்தல் கூடாது. அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், ஆட்சியாளரால் நியமிக்கப்பட்டவர். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தலைவரை வைத்து ஆள்வது கம்பெனியாருக்கு வசதியாகவும் இருந்தது. எனினும், பதவி மேலிருந்து வந்தாலும், அதனைத் தாங்கி நிற்கும் நம்பிக்கை கீழிருந்துதான் வரவேண்டும். அவர் சூளையிலும் கட்டட வேலையிலும் உழைத்தவர்களும், அவர் அழைப்பை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களும் அந்த நம்பிக்கையின் அடித்தளமாய் இருந்தனர்.

கட்டடத் தொழிலிலிருந்து பொதுவாழ்வில் உயர்ந்தோர் உலகில் வேறு சிலரும் உளர். ஆஸ்திரேலியாவின் தாமஸ் பிரைஸ் அவர்களுள் குறிப்பிடத் தக்கவர். வேல்ஸ் நாட்டில் பிறந்த கல்தச்சர் இவர். 1883 இல் அடிலெய்டு நகரில் குடியேறி, அங்கு எழுந்துகொண்டிருந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கல் செதுக்கினார். 1893 இல் தெற்கு ஆஸ்திரேலியச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1905 இல் அம்மாநிலத்தின் முதலமைச்சரும் ஆனார். 1909 இல் மறையும் வரை அப்பதவியில் இருந்தார். தம் கையால் செதுக்கிய கற்களின் நடுவே அமர்ந்து சட்டம் இயற்றியவர் அவர். இவரோ தேர்தல்கள் தோன்றாத காலத்தவர். ஆயினும் உழைக்கும் கையே பொறுப்பேற்கும் கையாகவும் மாறியது என்பதில் இருவரும் ஒப்பாவர்.

பெயர் அறியாப் பெருமக்கள்

சிங்கப்பூரைக் கட்டிய இந்தியர் பிள்ளை ஒருவரே எனக் கருதுதல் பிழையாகும். 1825 ஆம் ஆண்டு முதல், கம்பெனியாரால் நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் அங்கே கொண்டு வரப்பட்டனர். சாலைகளை அமைத்தவர்களும், சதுப்பு நிலங்களைத் தூர்த்தவர்களும், செங்கல் அறுத்தவர்களும் அவர்களே. புகழ் பெற்ற புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் இன்றைய கட்டடம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. அவர்களுக்குச் சிலையும் இல்லை. தெருப் பெயரும் இல்லை. ஒரு பெரியாரின் வரலாற்றைப் படிக்கும்போது, அவர் நிழலில் மறைந்து நிற்கும் இவர்களையும் நினைத்தல் நம் கடமை.

பிள்ளையின் நினைவாகச் சிங்கப்பூரில் பிள்ளை சாலை ஒன்று உண்டு. நவீன சிங்கப்பூர் தோன்றி இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2019 ஆம் ஆண்டு ஜனவரியில், ஆற்றங்கரையிலுள்ள ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே நால்வரின் சிலைகள் தற்காலிகமாக நிறுவப்பெற்றன. சங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, டான் டாக் செங் ஆகியோரோடு நாராயண பிள்ளையும் அவர்களுள் ஒருவராக நின்றார். அழைத்து வந்தவரும், அழைப்பை ஏற்று வந்தவரும் ஒரே வரிசையில் நின்ற காட்சி அது. அவர் வந்திறங்கிய தீவில் தமிழ் இன்று ஆட்சிமொழிகளுள் ஒன்று. தமிழ் மரபினரான எஸ். ஆர். நாதன் 1999 முதல் 2011 வரை அந்நாட்டின் அதிபராக விளங்கினார். 2023 இல் தர்மன் சண்முகரத்தினம் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

நாம் கொள்ள வேண்டுவன

தருமபுரி மாவட்டத்து ஊர்களிலிருந்து கட்டட வேலைக்காகப் பெங்களூருக்கும், கேரளத்துக்கும், பிற நகரங்களுக்கும் செல்வோர் எண்ணற்றோர். பிறர் குடியிருக்க மாளிகை எழுப்பும் அவர்களுட் பலர், தாம் தகரக் கொட்டகையில் உறங்குகின்றனர். நம் சமூகத்துக் குடும்பங்களும் ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பகுதிக் கிராமங்களை விட்டுச் சென்னை, பெங்களூர் என்றும், அயல் நாடுகள் என்றும் பரவிவிட்டன. முன்னோர் எழுப்பிய ஜினாலயங்கள் ஊரில் நிற்க, விளக்கேற்றுவோர் தொலைவில் வாழும் நிலை சில ஊர்களில் வந்துவிட்டது. இடம்பெயர்தல் குற்றமன்று. சென்ற இடத்தில் நமக்குப் பின் வருவோர்க்கு நாம் எதை விட்டு வைக்கிறோம் என்பதே வினா.

நகரங்களில் வாழும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து படிக்கவோ வேலை தேடவோ முதன்முறையாக நகருக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு, முதல் ஒரு மாதம் தங்க ஓர் அறை, உண்ண ஒருவேளை உணவு, வழிகாட்ட ஒரு பெரியவர் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் நான்கு குடும்பங்கள் ஒன்று கூடி அதனை உண்டாக்குங்கள். பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. ஓலைக் கூரையே போதும். செங்கல்லைப் பின்வருவோர் அடுக்குவர்.

ஸ்ரீமங்கலத்து வணிகர் மக்கள் தகடூரில் செய்ததும், பினாங்கிலிருந்து வந்த எழுத்தர் சிங்கப்பூரில் செய்ததும் இதுவே. நாமும் செய்வோமாக.